தனி ஆவர்த்தனமும் எதிர்வீட்டு அம்மாளும்

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெற்ற பின் தனியாக இருக்கிறேன். நேரில் கச்சேரி கேட்டால் உடம்புக்கும் மனத்துக்கும் நல்லதாம், ஸ்வீடனில் ஆராய்ந்திருக்கிறார்களாம். மகள் வாங்கித் தந்த ஹெட்போனில் இன்னும் துல்லியமாகக் கேட்கிறதே? முட்டிவலியோடு போகத்தான் வேண்டுமா? போனாலும் நெரிசலுக்குப் பயந்து, மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கிளம்பிவிடுவேன். ரத்த அழுத்தத்துக்கு எந்த ராகம் நல்லது?

ப., முத்தியால்பேட்டை

அன்புள்ள ப.,

ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுங்கள். ராகத்தை விட்டுவிடுங்கள், பாவம்.

2013இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஆராய்ந்தது சேர்ந்து பாடியவர்களை. பாட்டின் அடிகளுக்கேற்ப ஒன்றாக மூச்சு வாங்கியதில் அவர்களுடைய இதயத் துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கியது. நாம் பாடுவதில்லை. ஆனால் நமக்குக் கை இருக்கிறது.

அந்தக் கையில் பையைத் தூக்கிக்கொண்டு தனியின்போது எழுந்து போகிறீர்கள்! இரண்டு மணி நேரம் அடுத்தவர் பாட்டுக்கு வாசித்த மிருதங்கக்காரருக்குக் கிடைப்பதே அந்தப் பதினைந்து நிமிடம். அதிலும் அவர் பார்ப்பது உங்கள் முதுகை. இனி உட்காருங்கள். ஆதி தாளம் என்றால் எட்டே எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. முடிவாக மூன்று முறை வாசிக்கும் கோர்வை, மூன்றாம் முறை முடிந்து தாளத்தின் முதல் தட்டான சமத்தில் விழும்போது, பெயர்கூடத் தெரியாத பக்கத்து இருக்கைக்காரரின் கையும் உங்கள் கையும் ஒரே நொடியில் தொடையில் விழும். ஹெட்போனில் யார் கை விழும்?

அப்பா இறந்த வருடம் அம்மா வாசற்படி தாண்டவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவுக்கு சுவாமி புறப்பாடு வந்தபோதும் திண்ணைத் தூணுக்குப் பின்னால்தான் இருந்தாள். நாகசுரக்காரர் சீவாளியைக் கழற்றி உதட்டில் ஈரப்படுத்திக்கொண்டிருக்க, தவில்கள் இரண்டும் ஒன்றையொன்று விரட்டின. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அம்மாவின் விரல்கள் முழங்காலில் எண்ணுவதைப் பார்த்தேன். எதிர்த்திண்ணையில், குழாயடிச் சண்டைக்குப் பின் நான்கு வருடங்களாக எங்களோடு பேசாத அம்மாளின் கையும் எண்ணிக்கொண்டிருந்தது. சமத்தில் இரண்டு கைகளும் ஒன்றாக விழுந்தன. இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அந்த அம்மாள் உறைமோர் கேட்டு வந்தாள். அவள் வீட்டில் இரண்டு மாடுகள் இருந்தன.