கம்பெனி லோன், சிசி லிமிட், சாங்ஷன் லெட்டர் கண்டிஷன்: கேட்டவங்களுக்கு பதில்

பாலக்காடு ஜில்லால கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கஞ்சிக்கோடு பக்கம் மில்லு, கம்பெனி நடத்தறவங்க கேட்ட கேள்வி நெறைய சேந்துருச்சு, எல்லாமே கடைசில சாங்ஷன் லெட்டர்ல, அதாவது கடன் குடுக்க ஒத்துக்கிட்டு பேங்க் தர்ற லெட்டர்ல, வந்து தான் நிக்குது. முதல் பக்கத்துல லிமிட்டு எவ்வளவு, வட்டி எவ்வளவுன்னு பாத்துட்டு கையெழுத்து போட்டுடறோம், ஆனா பின்னாடி பொடி எழுத்துல இருக்கற பக்கம் தான் வருஷம் பூரா நம்மள புடிச்சு வெக்குது. லோன் பைல் பாக்கறது தான் என் தொழில். தவணை தவறி மாட்டறவங்கள விட கண்டிஷன் தவறி, அதையும் பேங்க்ல சொல்லாம விட்டு மாட்டறவங்க தான் ஜாஸ்தி, நல்லா ஓடற கம்பெனி அப்படி நின்னு போறத பாத்தா வயிறு எரியுதுங்க. அதனால சில பதில் நீளமா போகும்.

கோவிந்தாபுரம் நார் மில்லுக்காரர்: சிசி லிமிட் 80 லட்சம்னு லெட்டர் குடுத்துட்டு 40 லட்சத்துக்கு மேல செக் போட்டா ரிட்டர்ன் பண்றாங்க, ஏமாத்தறாங்களாண்ணா?

ஏமாத்தலீங்க. சிசிங்கறது கேஷ் கிரெடிட், ஸ்டாக்கையும் வரவேண்டிய பாக்கியையும் ஈடா வெச்சு தேவைக்கு எடுத்து கட்டற கடன். அதுல 80ங்கறது உச்ச வரம்பு, மாசா மாசம் எவ்வளவு எடுக்கலாம்ங்கறது டிராயிங் பவர், அது நீங்க குடுக்கற ஸ்டாக் ஸ்டேட்மென்ட்ல இருந்து வருது. நீங்க அனுப்புன கணக்கையே போட்டு பாப்போம். நாரும் பித்துமா (நார்க் கழிவுத் தூளு) ஸ்டாக் 60 லட்சம், மட்டைக்காரருக்கும் லாரிக்காரருக்கும் குடுக்க வேண்டியது 30 லட்சம், அத கழிச்சுடுவாங்க, ஏன்னா காசு குடுக்காத சரக்கு மேல பேங்க் பணம் தராது. மீதி 30ல மார்ஜின், அதாவது உங்க சொந்தப் பங்கு, 25 சதம் போனா இருபத்திரெண்டரை. வரவேண்டிய பாக்கி 50ன்னு எழுதியிருக்கீங்க, அதுல 20 லட்சம் 90 நாள் தாண்டுன பாக்கி, அத சேக்கவே மாட்டாங்க, மீதி 30ல உங்க லெட்டர்படி மார்ஜின் 40 சதம், ஆக 18. ரெண்டும் சேந்து நாப்பதரை லட்சம். பேங்க் சொல்றது சரி.

மழைக்காலத்துல பித்து காயாம களம் பூரா ஈரமா கெடக்கும், ப்ரொடக்ஷன் இறங்கும், ஸ்டாக் இறங்கும், அதோட டிராயிங் பவரும் இறங்கும். ஆனி ஆடிக்கு தேவையான காச வைகாசிலயே யோசிச்சு வெச்சுக்கோங்க. பழைய பாக்கி 20 லட்சத்த வசூல் பண்ணா அந்தப் பணமும் கைக்கு வரும். புது லிமிட்டு கேக்கறதுக்கு முன்னாடி அத பண்ணுங்க.

இன்னொன்னு, ஸ்டேட்மென்ட் குடுக்காம விட்டுடாதீங்க. 3 மாசத்துக்கு மேல பழசான ஸ்டேட்மென்ட் வெச்சு பணம் எடுத்துட்டிருந்தா அந்த அக்கவுன்ட் ஒழுங்கில்லாததுன்னு கணக்கு, அப்படியே 90 நாள் ஓடுனா என்பிஏ, அதாவது வராக்கடன். ரினியூவலும் அப்படித்தான், தேதி முடிஞ்சு 180 நாளைக்குள்ள ஆகலைனா என்பிஏ தான். ஒரு பைசா பாக்கி இல்லாத கம்பெனியும் இதுல விழும்.

கஞ்சிக்கோடு காஸ்டிங் கம்பெனி: ஒரு தவணை கூட நாங்க விட்டதில்ல. ஆனா பேலன்ஸ் ஷீட்ல கரன்ட் ரேஷியோ 1.18 தான் வருதுன்னு ஆடிட்டர் சொல்றார், லெட்டர்ல 1.33 இருக்கணும்னு போட்டிருக்கு. போன வருஷம் பர்னஸ் (உலோகம் உருக்கற உலை) வாங்குனதுக்கு சிசில இருந்தே 40 லட்சம் குடுத்துட்டோம். இப்ப என்ன ஆகும்?

வந்ததுலயே முக்கியமான கேள்வி இது, காரணத்தையும் நீங்களே எழுதிட்டீங்க.

கரன்ட் ரேஷியோன்னா நடப்புச் சொத்த, ஒரு வருஷத்துக்குள்ள கட்ட வேண்டிய நடப்புக் கடனால வகுத்தது. 1.33ங்கறது 1975ல டாண்டன் கமிட்டி சொன்ன முறையில இருந்து வர்றது. நடப்புச் சொத்து, அதாவது ஸ்டாக்கு, பாக்கி, கையிருப்பு எல்லாம் சேந்ததுல கால் பங்காவது உங்க சொந்த, நீண்டகாலப் பணமா இருக்கணும், மீதி முக்கால் தான் பேங்க்கும் சரக்கு குடுத்தவங்களும். உங்களுக்கு நடப்புச் சொத்து 4 கோடி, நடப்புக் கடன் 3 கோடியா இருந்துச்சு, சரியா 1.33. பர்னஸுக்கு சிசில 40 லட்சம் எடுத்ததும் கடன் 3.40 கோடி ஆச்சு, ஆனா பர்னஸ் நடப்புச் சொத்துல வராது, அதனால 1.18. ஸ்கிராப் வாங்கறதுக்குன்னு குடுத்த காசு மிஷினா மாறி தரையோட போல்ட்டு போட்டு நிக்குது, நாளைக்கு ஸ்கிராப் வாங்க அது திரும்பி வராது. பேங்க் பயப்படறது அதுக்குத்தான், அந்தப் பயம் நியாயமானதுங்க.

என்ன ஆகும்னா, ரேஷியோ கொறஞ்சதுக்காக மட்டும் என்பிஏ ஆகாது. அபராதம் போடலாம், ரேட்டிங் இறக்கலாம், ரினியூவல்ல லிமிட்ட கொறைக்கலாம், அக்ரிமென்ட்படி மொத்தக் கடனையும் திருப்பிக் கேக்கற உரிமையும் இருக்கும். அபராதத்துல ஒன்னு தெரிஞ்சுக்கோங்க, 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் சொன்னபடி அத வட்டியோட 2 சதம்னு ஏத்தக்கூடாது, தனி சார்ஜா தான் போடணும், அந்த சார்ஜ் மேல வட்டியும் போடக்கூடாது. ஸ்டேட்மென்ட்ட எடுத்து பாருங்க, தப்பா போட்டிருந்தா எழுதிக் கேளுங்க.

செய்ய வேண்டியது இது. பர்னஸ் பில்ல எடுத்துட்டு, அது ரொம்ப பழசாகறதுக்குள்ள, அந்த 40 லட்சத்த டெர்ம் லோனா, அதாவது பல வருஷத் தவணைக் கடனா, மாத்திக் கேளுங்க. 5 வருஷத்துக்கு கெடச்சா ஒரு வருஷத் தவணை 8 லட்சம் மட்டும் நடப்புக் கடன்ல நிக்கும், ரேஷியோ 1.30க்கு ஏறும். அதோட வீட்டுக் காசு ஒரு 10 லட்சம் கம்பெனில போட்டு சிசில கட்டி, பேங்க் கடன் இருக்கற வரைக்கும் இத எடுக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்தா 1.34. இந்தக் கணக்கோட, ஆடிட் கையெழுத்து ஆகறதுக்கு முன்னாடியே மேனேஜர நேர்ல பாருங்க. பேலன்ஸ் ஷீட்ட பாத்து அவரா கண்டுபுடிக்கறது வேற, நீங்களா போய் இந்த வருஷத்துக்கு விலக்கு குடுங்கன்னு கேக்கறது வேற. வாயில சரின்னு சொன்னா போதாது, அவர் நாளைக்கே மாறிப் போவார், விலக்கு லெட்டரா கைக்கு வரணும்.

அதே கஞ்சிக்கோட்டுல இருந்து இன்னொருத்தர்: மார்ச் மாசம் மட்டும் ஸ்டாக்க கொஞ்சம் கூட்டிக் காட்டுனா ரேஷியோ சரியாயிடும்னு சொல்றாங்களே?

வேண்டவே வேண்டாம். வேலை மூலதன லிமிட் 5 கோடிக்கு மேல இருக்கற கம்பெனில, ஆடிட்டர் ஆடிட்டோட சேத்துக் குடுக்கற காரோ 2020 ரிப்போர்ட் பொருந்துச்சுன்னா, பேங்க்குக்கு குடுத்த காலாண்டு ஸ்டேட்மென்ட்டும் கணக்குப் புத்தகமும் ஒத்துப் போகுதான்னு ஆடிட்டர் எழுதியே ஆகணும். சின்ன கம்பெனினாலும் ஜிஎஸ்டி ரிட்டர்ன வெச்சு பேங்க்கு சரிபாக்குது. ரேஷியோ கொறஞ்சதுக்கு பேசி வழி பண்ணலாம், பொய் ஸ்டாக்கு குடுத்தா அது மோசடிக் கேஸு, அதுக்கப்புறம் எந்த பேங்க்கும் உங்கள உள்ள விடாது. யார் சொல்லியிருந்தாலும் கேக்காதீங்க.

முதலமடை மாங்கா ஏற்றுமதி: சீசன் முடிஞ்சா அக்கவுன்ட்ல வரவே இருக்காது. 90 நாள் வரவு இல்லைனா என்பிஏன்னு சொல்றாங்க, உண்மையாங்க?

பாக்கி நிக்கறப்ப 90 நாள் தொடர்ந்து வரவே இல்லைனாலும், வந்த வரவு அந்த 90 நாள்ல போட்ட வட்டிக்கு பத்தலைனாலும் அந்த நிலை வரும். சீசன் முடிஞ்சதும் பணத்த கட்டி பாக்கிய பூஜ்யத்துக்கு கொண்டு வாங்க, முடியலைனா மாசா மாசம் வட்டியாவது கட்டிட்டு வாங்க. அடுத்த ரினியூவல்ல சீசனுக்கு ஒரு லிமிட், சீசன் இல்லாதப்ப ஒரு லிமிட்னு ரெண்டா பிரிச்சுக் கேளுங்க, அந்த முறை இருக்கு. பேக்கிங் கிரெடிட், அதாவது ஏற்றுமதிச் சரக்க தயார் பண்றதுக்கு குடுக்கற கடன், எடுத்திருந்தா அந்த பில்லு காசு வேற பேங்க் கணக்குக்கு போகவே கூடாது.

வேலந்தாவளம்: அண்ணனும் நானும் டைரக்டர். நான் வெளிய வந்துட்டேன், டைரக்டர் மாறுனத பதியற டிஐஆர்-12 பாரமும் போட்டாச்சு. இனி கம்பெனி லோனுக்கு எனக்கு பொறுப்பு இல்ல தானே?

இருக்குதுங்க தம்பி. டைரக்டர் பதவி வேற, நீங்க போட்ட கியாரண்டி கையெழுத்து வேற. 1872 ஒப்பந்தச் சட்டம் 128ம் பிரிவுல கடன் வாங்குன கம்பெனிக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு, மொதல்ல கம்பெனி கிட்ட வசூல் பண்ணிட்டு வான்னு சொல்ல முடியாது. 130ம் பிரிவுப்படி இனிமே எடுக்கற பணத்துக்கு நான் ஜாமீன் இல்லன்னு நோட்டீஸ் குடுக்கலாம், ஆனா இது வரைக்கும் நிக்கற பாக்கிக்கு நீங்க தான். உங்களுக்கு பதிலா வேற ஆளோ வேற சொத்தோ குடுத்து, பேங்க் உங்கள விடுவிச்சதா எழுதித் தரணும். உங்க ஷேர அண்ணனுக்கு மாத்தறதுக்கும் பேங்க் சம்மதம் வேணும்னு நெறைய லெட்டர்ல இருக்கும், மாத்தறதுக்கு முன்னாடி பாருங்க. அண்ணன் கிட்ட மனஸ்தாபம் இருந்தாலும் இந்த ஒரு விசயத்துக்கு ரெண்டு பேரும் சேந்து பேங்க்குக்கு போங்க.

சித்தூர் தாலுக்கா ரைஸ் மில்: ஈடு வெக்கற இடத்துக்கு கரம் ரசீது (நில வரி ரசீது), பொசஷன் சர்டிபிகேட் எல்லாம் குடுத்தும் பேங்க் வேண்டாம்ங்குது.

ரசீதுல நிலம்னு இருக்கா, புரயிடம்னு இருக்கான்னு பாருங்க. புரயிடம்னா வீடு, தோட்டம் இருக்கற மேட்டு இடம், நிலம்னா வயல், கேரளாவோட 2008 நெல்வயல் சட்டத்தால அத வேற காரியத்துக்கு லேசுல மாத்த முடியாம நிக்கும், போதாததுக்கு கோர்ட்டுக்கு போகாம பேங்க்கே ஈட்டுச் சொத்த எடுக்கற சர்பாசி சட்டமும் விவசாய நிலத்து மேல செல்லாது, அதனால தான் தயங்கறாங்க. பொள்ளாச்சி பக்கம் பட்டா உள்ள வேற சொத்து இருந்தா அத குடுத்துப் பாருங்க.

மீனாட்சிபுரம்: தவணை தாண்டி 44 நாள் ஆச்சு, எஸ்எம்ஏ-1ன்னு மெசேஜ் வந்திருக்கு. ஆர்டர் கையில இருக்கு, பாக்கி வரல. பயமா இருக்குங்க.

பயந்துட்டு போன எடுக்காம இருக்கறது தான் தப்பு. எஸ்எம்ஏங்கறது தவணை தள்ளிப் போற கணக்குக்கு பேங்க் வெக்கற எச்சரிக்கைப் படி. 30 நாள் வரைக்கும் எஸ்எம்ஏ-0, 60 வரைக்கும் 1, 90 வரைக்கும் 2, அது தாண்டுனா என்பிஏ. உங்க கிட்ட இன்னும் 46 நாள் இருக்கு. நாளைக்கே சிறு தொழில் பதிவான உத்யம் சர்டிபிகேட், ஆர்டர் காப்பி, யார் எவ்வளவு தரணும்ங்கற லிஸ்ட் எல்லாம் வெச்சு எழுத்துல ஒரு மனு குடுங்க. 25 கோடி வரைக்கும் கடன் இருக்கற சிறு குறு நடுத்தர தொழிலுக்கு, நலிஞ்ச கணக்க பாக்கறதுக்குன்னே கமிட்டி வெக்கணும்னு 2015ல இருந்து விதி இருக்கு, தவணைய மாத்தி அமைக்கறத அவங்க பாப்பாங்க. என்பிஏ ஆகறதுக்கு முன்னாடியே பேப்பரோட கேட்டிருக்கணும்னு 2024ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு, அதனால மனுவுல சீல் போட்டு வாங்கிக்கோங்க.

ஒருவேளை அது நடக்காம சர்பாசி 13(2) நோட்டீஸ் வந்துட்டா 60 நாள் அவகாசம். அதுக்குள்ள உங்க பக்கத்து நியாயத்த எழுதி அனுப்புனா பேங்க் 15 நாளைக்குள்ள பதில் சொல்லணும். அதுக்கப்புறம் சொத்த கையகப்படுத்துனா 45 நாளைக்குள்ள டிஆர்டிக்கு, அதாவது கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு, போகணும். ஆனா மொதல்ல இந்த வாரம் உங்களுக்கு பாக்கி தர வேண்டிய பெரிய பார்ட்டி ரெண்டு பேர நேர்ல போய் பாருங்க, வட்டி அளவுக்காவது கணக்குல கட்டிட்டு, அந்த சலானையும் மனுவோட சேத்துக் குடுங்க.