பிஸ்கட்டைக் கண்டால்தான் உட்காருகிறது

கேள்வி: எங்கள் வீட்டில் எட்டு மாதச் சிப்பிப்பாறை நாய் வளர்கிறது. பிஸ்கட்டைக் காட்டி 'உட்கார்' என்றால் உடனே உட்காருகிறது. கையில் ஒன்றும் இல்லையென்று தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறது. இது லஞ்சம் கொடுத்து வேலை வாங்குவது போன்றது என்கிறார் என் மாமனார். தின்பண்டம் கொடுப்பதை நிறுத்திவிடலாமா? எந்தத் தின்பண்டத்தை எவ்வளவு கொடுக்கலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறுத்த வேண்டாம், கொடுக்கும் முறையை மாற்றினால் போதும். உங்கள் மாமனார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வேலைக்கு முன்பே பிஸ்கட்டைக் காட்டுவதால், 'உட்கார்' என்ற சொல்லும் கண்ணெதிரே தெரியும் பிஸ்கட்டும் சேர்ந்ததுதான் கட்டளை என்று உங்கள் நாய் புரிந்துகொண்டிருக்கிறது. பிஸ்கட் இல்லாதபோது, அதன் கணக்கில், நீங்கள் கட்டளையே இடவில்லை.

புதிதாக ஒன்றைக் கற்பிக்கும்போது முதல் சில முறை மட்டும் தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம். அதை மூக்கருகே கொண்டுபோய் மெல்லத் தலைக்கு மேலே நகர்த்தினால், நாயின் மூக்கு அண்ணாந்து எழும்பும், பின்புறம் தானாகத் தரையில் அமரும். அதன்பின் அதே அசைவை வெறுங்கையால் செய்து, உட்கார்ந்ததும் பையிலிருந்தோ அலமாரியிலிருந்தோ எடுத்துக் கொடுங்கள். கை காலியாக இருந்தாலும் கூலி வரும் என்று அது தெரிந்துகொள்வது இப்படித்தான். கையசைவுக்குச் சற்று முன்னால் 'உட்கார்' என்று சொல்லிவந்தால், நாளடைவில் அந்தச் சொல் மட்டுமே போதுமானதாகிவிடும்.

இதில் பெரும்பாலோர் கோட்டைவிடுவது நேரத்தில்தான். நாய் உட்கார்ந்ததும் நீங்கள் பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்குகிறீர்கள். சரசரப்பு கேட்டு அது எழுந்து உங்களிடம் வருகிறது. அப்போது வாயில் பிஸ்கட்டை வைக்கிறீர்கள். அந்தக் கூலி எழுந்து வந்ததற்குத்தான் போய்ச் சேரும். ஆகவே உட்கார்ந்த அந்த நொடியிலேயே 'சபாஷ்' என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு, பிறகு தின்பண்டத்தைக் கொடுங்கள். 'சபாஷ்' என்றால் தீனி வரும் என்பது பழகியபின், ஓரிரு நொடி தாமதமானாலும் குழப்பம் வராது. 'டிக்' என்று ஒலிக்கும் கிளிக்கர் கருவியின் பயனும் இதுவே. உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர், மரியன் பிரீலண்ட் தம்பதியர், 1940களிலேயே இத்தகைய ஒலிக்குறிப்பை விலங்குப் பயிற்சியில் பயன்படுத்தினார்கள்.

பாடம் நன்றாகப் படிந்த பிறகு ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாம் முறை, ஐந்தாம் முறை என்று ஊகிக்க முடியாதபடி கொடுத்துவந்தால் பழக்கம் எளிதில் மறையாது. ஆனால் ஒரே நாளில் அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

சிப்பிப்பாறை, பார்வையால் இரையைத் துரத்தும் வேட்டை இனம் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். கூடத்தில் சொன்னபடி கேட்கும் நாய், தெருவில் ஆட்டுக்குட்டி துள்ளி ஓடும்போது பிஸ்கட்டை ஏறெடுத்தும் பார்க்காது. எனவே கூடம், மொட்டை மாடி, ஆளில்லாத தெரு என்று படிப்படியாக இடத்தை மாற்றி, வெளியே போகும்போது இன்னும் ருசியானதை எடுத்துச் செல்லுங்கள். வேலியிட்ட இடமாக இருந்தால், சொன்னதைக் கேட்டவுடன் அவிழ்த்து ஓடவிடுவதே இந்த இனத்துக்குப் பெரிய பரிசு.

அளவைப் பொறுத்தவரை, ஒரு துண்டு பட்டாணி அளவுக்கு மேல் தேவையில்லை. நாளொன்றின் மொத்தக் கலோரியில் தின்பண்டத்தின் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டாமல், அதற்கேற்ப வழக்கமான உணவைக் குறைத்துக்கொள்ளுங்கள். உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழி இறைச்சி, அவித்த முட்டை, சிறிதாக நறுக்கிய கேரட் ஆகியவை நல்லவை. கிரீம் பிஸ்கட்டைத் தவிர்த்துவிடுங்கள். சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று கலந்த இனிப்புகள் ஆகியவை நாய்க்கு நஞ்சு. நம் வீட்டுக் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய கறித்துண்டிலும் வெங்காயச் சாறு ஊறியிருக்கும் என்பதால், நாய்க்கான பங்கைத் தாளிப்பதற்கு முன்பே தனியாக எடுத்து வேகவைத்துவிடுங்கள்.