விண்டோ சீட்

வணக்கம் மேடம்,

மும்பைக்குப் பக்கத்து டோம்பிவிலியிலிருந்து எழுதுகிறேன். ஒன் பி.எச்.கே. வீடு, ஒரே ஒரு படுக்கையறை. நான், மனைவி, பத்தாவதில் கடைசிப் பரீட்சை ரத்தாகிப்போன மகள், ஒன்பது வயது மகன், அம்மா என்று ஐந்து பேர். கொரோனாவால் மார்ச் 22 நள்ளிரவோடு லோக்கல் ரயில் நின்றதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன். நேரமே இல்லை என்று இருபது வருடம் புலம்பியவன் நான். இப்போது ஆபீஸ் போக வர ஆகும் இரண்டரை மணி நேரம் கையில் மிச்சம். அதையும் எரிந்து விழுந்தே கழிக்கிறேன். வாட்ஸ்அப்பில் தினம் ஒரு பட்டியல் வருகிறது: யோகா செய், புது மொழி படி, அலமாரியை ஒழுங்கு செய். மகள் டல்கோனா காபி போட்டாள். அம்மாவுக்குக் காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் தூர்தர்ஷன் ராமாயணம் இருக்கிறது. எனக்குத்தான் எதிலும் மனசு ஒட்டவில்லை. வீட்டுக்குள்ளேயே சந்தோஷமாகப் பொழுதைக் கழிக்க நிஜமாகவே வழி இருக்கிறதா? நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

எஸ்.
டோம்பிவிலி, ஏப்ரல் 2020

அன்புள்ள எஸ்.,

டல்கோனா எங்கள் வீட்டிலும் ஆயிற்று. இன்ஸ்டன்ட் காபித்தூள், சர்க்கரை, வெந்நீர் மூன்றும் சம அளவு. கெட்டி நுரையாகும்வரை அடித்து, குளிர்ந்த பாலின் தலையில் வைக்க வேண்டும். மகள் இருபது நிமிடம் அடித்தாள். கை கடுத்துப்போய் அப்பாவிடம் நீட்டினாள், அவர் பத்து நிமிடம் அடித்தார். என் மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கு ரெண்டாம் டிகாக்‌ஷனே தேவலை" என்று டம்ளரைத் தள்ளி வைத்தார். அதோடு அந்தப் பட்டியல்களை நாங்கள் விட்டுவிட்டோம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த இரண்டரை மணி நேரக் கணக்கு. அதை மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அதுதான் உங்களுக்கு நஷ்டம் என்று படுகிறது. ஐந்து பேர் புழங்கும் வீட்டில் உங்களுக்கென்று இருந்த ஒரே இடம் அந்த ரயில் பெட்டி. மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக, பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்தாலும், 'அப்பா' என்றோ 'ஏங்க' என்றோ யாரும் கூப்பிடாத இடம். மடியில் பெட்டியை வைத்துச் சீட்டு ஆடுகிறவர்கள் ஒரு பக்கம், ஜால்ரா தட்டி பஜனை பாடுகிறவர்கள் ஒரு பக்கம், நடுவே கண்ணை மூடிக்கொண்டு நீங்கள். அது போய்விட்டது. உங்கள் மனைவிக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கும், நீங்கள் எல்லோரும் கிளம்பிப்போன பிறகு ஒரு பதினொரு மணி வாக்கில். அதுவும் போய்விட்டது, அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் நாலு பேர். மாட்டுங்காவில் பழைய கட்டடம், இரண்டாவது மாடி. முதல் பத்து நாள் நாங்களும் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டுதான் இருந்தோம். அப்புறம் மகள் ஒரு யோசனை சொன்னாள். மும்பை ஃப்ளாட்டுகளில் ஜன்னலுக்கு வெளியே பெட்டி மாதிரி கிரில் நீட்டிக்கொண்டிருக்குமே, துளசித் தொட்டியும் உடைந்த வாளியும் வைக்க? அதைக் காலி செய்து, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, அதற்கு 'விண்டோ சீட்' என்று பெயர் வைத்தாள். தினமும் ஆளுக்கு ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் அவரை யாரும் கூப்பிடக் கூடாது, பால் பொங்கினாலும் சரி. அவரும் போனைத் தொடக் கூடாது. சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

சும்மா இருப்பது லேசு இல்லை. முதல் வாரம் எதிர் பில்டிங்கின் தண்ணீர்க் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வாரம் எங்கிருந்தோ 'டொக் டொக் டொக்' என்று நிற்காமல் ஒரு சத்தம். ஊரடங்கு நேரத்தில் எவன் வீட்டில் ரிப்பேர் வேலை என்று கோபம்கூட வந்தது. மூன்று நாள் தேடி, தெருமுனை அரசமரத்தில் கண்டுபிடித்தேன். குருவியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பறவை, நெற்றியில் குங்குமம் இட்டதுபோல் சிவப்பு. தமிழில் குக்குறுவான். மராத்தியில் தாம்பட் என்கிறார்கள், செம்பு தட்டுகிறவர் என்று அர்த்தம். இத்தனை வருடம் அது என் ஜன்னலுக்கு எதிரே செம்பு தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நவி மும்பைப் பக்கம் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக இறங்கியிருக்கிற படங்களை எல்லோரும் அனுப்புகிறார்கள். அழகுதான். ஆனால் நானே தேடிப் பிடித்தது இந்த ஒன்றுதான்.

இதை எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாளிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். அவர் தாராவி, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். "எங்க வீட்டுல ஜன்னலே ஒண்ணுதான்க்கா, அதுவும் பக்கத்து வீட்டுச் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கு" என்றார். பத்துக்குப் பத்து அறை, ஏழு பேர், கக்கூஸ் பொதுவானது. எட்டிப் போ, தள்ளி நில் என்று சொன்னால் அவர்கள் எங்கே போய் நிற்பது? எனக்குப் பதில் இல்லை. சம்பளத்தை அனுப்பியிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

சரி, தனியாக உட்காருவது இருக்கட்டும், சேர்ந்து என்ன செய்வது என்கிறீர்களா? எங்கள் வீட்டில் தாயம். தாயக்கட்டை கிடையாது, கடையும் திறக்கவில்லை. மாமியார் புளிப்பானையைத் துழாவி ஆறு கொட்டை எடுத்தார். ஒரு பக்கத்தைத் தேய்த்து வெள்ளையாக்க வேண்டும். டைல்ஸ் தரையில் கொட்டை வழுக்கிக்கொண்டே போனது. கடைசியில் அந்த கிரில் ஓரத்துச் சிமெண்டுத் திண்டு கை கொடுத்தது. ஒரு கொட்டைக்குப் பத்து நிமிடம். முதலில் அந்தப் பழுப்புத் தோல் மினுமினுக்கும், அப்புறம் மங்கும், பிறகு ஓரிடத்தில் மட்டும் பொட்டு மாதிரி வெள்ளை தெரியும். தேய்த்த சூட்டோடு அதை என் கணவரின் கையில் வைத்து அழுத்தினேன், அலறினார். ஐம்பது வருடத்துக்கு முன்னால் என் அண்ணன் எனக்குச் செய்தது.

சாக்பீஸால் ஏழுக்கு ஏழு கட்டம். ஒரே ஒரு வெள்ளை மேலே விழுந்தால் தாயம், ஆறும் கறுப்பாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போடலாம். தாயம் விழாமல் காய் இறங்காது, ஒரு காயையாவது வெட்டாமல் உள்ளே போக முடியாது. ஊருக்கு ஊர் கணக்கு மாறும், இது எங்கள் மாமியாரின் கல்லிடைக்குறிச்சிக் கணக்கு. எண்பத்தோரு வயதில் அவருக்கு முட்டி மடங்காது, கட்டிலில் உட்கார்ந்தபடியே கொட்டையைத் தரைக்கு எறிவார். கட்டிலுக்கு அடியில் போனதெல்லாம் தாயம் என்று அடித்துச் சொல்வார். யார் குனிந்து பார்ப்பது? நேற்று நாலு காயும் உள்ளே போய்ப் பழம் ஆகிவிட்டது அவருக்கு. என் கணவருக்கு முக்கால் மணி நேரமாகத் தாயமே விழவில்லை. ஆபீஸ் மீட்டிங்குகளில்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

வடாமும் போட்டோம். மொட்டை மாடிச் சாவியை சொசைட்டியில் தர மறுத்துவிட்டார்கள். கிரில்லிலேயே காயவைத்தோம். இந்த ஊர் ஈரக் காற்றில் மூன்று நாள் ஆயிற்று, பாதியைப் புறாக்கள் தின்றன. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "ஒன்பது வயசுப் பையன் இருக்கான், அவங்கம்மாவும் இருக்கா, அப்புறம் என்ன?" என்றார். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாக்கெட் புளியில் பெரும்பாலும் கொட்டையை எடுத்துவிடுகிறார்கள். மளிகைக் கடையில் கொட்டைப் புளியாகக் கேட்டு வாங்குங்கள்.