பின்பலகையில் விரிசல்: பழைய ஃபைபர் படகை வாங்கலாமா?

இப்போதைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் பார்த்த பழைய ஃபைபர் படகின் பின்பலகையில், அதாவது மோட்டார் மாட்டும் பின்சுவரில், போல்ட்டைச் சுற்றி விரிசல் ஓடுகிறது என்கிறீர்கள். "வெறும் மேல்பூச்சு விரிசல்தான்" என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்ப முடியாது.

பெரும்பாலும் பின்பலகையின் ஃபைபருக்கு உள்ளே இருக்கும் பிளைவுட் ஊறியிருக்கும். போல்ட் துளையில் அடைப்புப் பசை போய்விட்டால் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். வெளியே ஃபைபர் பளபளக்கும், உள்ளே பலகை மக்கிப்போயிருக்கும்.

1. மோட்டாரைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் அடிப்பகுதியைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். கூட வந்தவர் பின்பலகையையே கவனிக்கட்டும். பலகை வளைந்து கொடுத்தால் அந்தப் படகு வேண்டாம்.

2. சுத்தியலின் மரப்பிடியால் பலகை முழுக்கத் தட்டுங்கள். "டக்" என்றால் நல்லது, "பொத்" என்றால் சந்தேகம்.

3. உரிமையாளர் சம்மதித்தால் பின்பலகையின் அடியில் உள்ள திருகு ஒன்றைக் கழற்றுங்கள். பழுப்புத் தண்ணீர் கசிந்தால் ஊறல் உறுதி.

சத்தத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்; தடிமனாகப் பட்டி பூசிய இடமும் "பொத்" என்றுதான் கேட்கும்.

மோட்டாரையும் பாருங்கள்; நீங்கள் போய்ச் சேரும்வரை அதை ஓட்ட வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடேறிய மோட்டார் சுலபமாகக் கிளம்பிவிடும், குளிர்ந்திருக்கும்போதுதான் குறை தெரியும். மோட்டாரின் கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால், தண்ணீரைத் தடுக்கும் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது.