ஒரே செடியின் உலர்மாதிரி பல நாடுகளில் ஏன் இருக்கிறது?

ஒரே செடியின் உலர்ந்த கிளையைத் தென்கிழக்காசியாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பல ஹெர்பேரியங்கள், அதாவது உலர்தாவரத் தொகுப்பகங்கள், வைத்திருப்பது வீண் செலவல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணல்ல என்பதற்கு மணிலாவே சான்று. 1945இல் அந்நகரில் நடந்த போரில் அங்கிருந்த தாவரத் தொகுப்பு அழிந்தது. புதிய இனங்களுக்குப் பெயரிடும்போது ஆதாரமாகக் கொண்ட வகைமாதிரிகளும் அதனுடன் போயின. ஆயினும் அங்கு நெடுநாள் பணியாற்றிய தாவரவியலாளர் எல்மர் மெரில், ஒரே சேகரிப்பில் கிடைத்த கிளைகளை ஒரே எண்ணிட்டு, இணைப்படிகளாக வெளிநாட்டுத் தொகுப்புகளுக்கு முன்னரே அனுப்பியிருந்தமையால், அழிந்தவற்றுக்கு ஈடான வகைமாதிரிகளைப் பின்வந்தோர் அவற்றிலிருந்து தேர்ந்துகொள்ள முடிந்தது.

மற்றொரு காரணம் எல்லைகள். போர்னியோ தீவை மட்டும் இந்தோனேசியா, மலேசியா, புரூணை என மூன்று நாடுகள் பங்கிட்டுள்ளன. மரங்களுக்கோ அந்தக் கோடுகள் தெரியா. நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியான ஒரு பேரினத்தை ஆராய்பவர் இந்தோனேசியாவின் போகோர், சிங்கப்பூர், நெதர்லாந்தின் லைடன் ஆகிய இடங்களின் மாதிரிகளை அருகருகே வைத்துப் பார்க்காவிட்டால், ஒரே இனத்துக்கு மூன்று பெயர் சூட்டிவிடக்கூடும். இப்பகுதித் தாவரங்களை விவரிக்கும் நூல்வரிசையாக 1948 முதல் வெளிவரும் ‘ஃப்ளோரா மலேசியானா’ தொகுதிகள் இத்தகைய இரவலையும் பரிமாற்றத்தையும் நம்பியே எழுதப்படுகின்றன. இப்போது மாதிரிகளின் நிழற்படங்கள் இணையத்தில் கிடைப்பது பெரிய வசதிதான். ஆனால் உலர்ந்த பூவை நீரில் ஊறவைத்துப் பிரித்துச் சூலகத்தின் அறைகளை எண்ண வேண்டியிருக்கையில், என் கருத்தில், தாளில் ஒட்டிய அசல் மாதிரிக்கு மாற்று இல்லை.