சாப்பிடவில்லை என்று இன்சுலினை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. முதலாம் வகை நீரிழிவு, இன்சுலின் போடுகிறான். போன மாதம் காய்ச்சல், சத்தி. சாப்பிடாததால் சீனி இறங்கிவிடும் என்று பயந்து ஊசியை நிறுத்தினேன். அடுத்த நாளே மூச்சிளைப்பும் அரை மயக்கமும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில், கீட்டோன் கூடிவிட்டது என்றார்கள். சீனி வருத்தக்காரனுக்குக் குளுக்கோஸும் ஏற்றினார்கள். ஏன் இப்படி?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: உங்கள் பயம் விளங்குகிறது அம்மா. ஆனால் பட்டினி கிடந்தாலும் ஈரல் இரத்தத்துக்குள் சீனியை விட்டுக்கொண்டுதான் இருக்கும். காய்ச்சலில் இன்னும் கூட. இன்சுலின் இல்லாமல் உடம்பால் அந்தச் சீனியைப் பயன்படுத்த முடியாது. கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தை அமிலமாக்கும். அந்த அமிலத்தைக் குறைக்கத்தான் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடியது. அது நெஞ்சுச்சளி இல்லை. சத்தியும் வயிற்றுவலியும்கூடக் கீட்டோனால் வரும். அதை வயிற்றுக்கோளாறு என்று நினைத்துக் கடையில் குளிசை வாங்கிக் கொடுத்து நேரத்தைப் போக்குபவர்கள் நிறையப் பேர்.

சிகிச்சையில் முதலில் சேலைன், ஏனென்றால் உடம்பு அவ்வளவு வறண்டிருக்கும். அப்புறம் நாளம் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இன்சுலின். அது பொட்டாசியத்தையும் இறக்கிவிடும் என்பதால், இதயத் துடிப்பு குழம்பாமலிருக்க அதையும் சேர்ப்பார்கள். சரி, குளுக்கோஸ் எதற்கு? சீனி இறங்கும் வேகத்தில் அமிலம் இறங்காது. அமிலம் தீரும்வரை இன்சுலின் ஓட வேண்டும். அதுவரை சீனி விழுந்துவிடாமல் பிடித்து வைக்கத்தான் குளுக்கோஸ். இரவிலும் தாதிமார் மகனைத் தட்டியெழுப்பிப் பேச்சுக் கொடுத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு அரிதாக மூளை வீங்கும், அதைக் கண்டுபிடிக்கத்தான்.

இனிக் காய்ச்சல் வந்தால் அளவு மாறலாம், ஆனால் இன்சுலினை முழுதாக நிறுத்தக் கூடாது. 2–4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும், சீனியைப் பாருங்கள். 250 மி.கி.க்கு மேல் நின்றாலோ சத்தி எடுத்தாலோ சிறுநீரில் கீட்டோன் பட்டி வைத்துப் பாருங்கள். சத்தி நிற்காவிட்டால், மூச்சு வேகமானால், பிள்ளை தூங்கி விழுந்தால் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. இந்த வயதுப் பிள்ளைகள் கூட்டாளிமாருக்கு முன்னால் வெட்கப்பட்டு ஊசியைத் தவறவிடுவதும் உண்டு. ஏசாமல் கேட்டுப் பாருங்கள். அடுத்த கிளினிக்கில், காய்ச்சல் நாட்களில் எத்தனை யூனிட் போடுவது என்று கொப்பியில் எழுதி வாங்குங்கள்.