கொலுப்படி: குறைந்த செலவில் கட்டுவது எப்படி? (கேள்வி பதில்)

நவராத்திரிக்கு வீட்டிலிருக்கும் பொருளை வைத்தே கொலு வைக்க நினைப்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில். படி, துணி, விளக்கு, பொம்மைப் பழுது, கொலு முன்னால் அமைக்கும் குட்டிப் பூங்கா பற்றிக் கேளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எண்ணெய் விளக்கைப் படியில் ஏற்றாதீர்கள். தரையில், படியிலிருந்து இரண்டடி தள்ளி, தாம்பாளத்தின் நடுவில் வையுங்கள்.

மடிப்பாக்கம்: அக்கா, முதல் தடவை வைக்கிறோம். ஸ்டீல் மடக்குப் படி வாங்க வசதியில்லை. நாலடி டைனிங் டேபிள் ஒன்று இருக்கிறது. ஐந்து படி வருமா?

பதில்: தாராளமாக வரும். டேபிள் உயரம் ஏறக்குறைய 30 இன்ச், அகலம் இரண்டரை அடி, அதாவது அதுவும் 30 இன்ச். ஒவ்வொரு படிக்கும் உயரம் 10, அகலம் 10 என்று வைத்தால் மேல் மூன்று படியும் டேபிளிலேயே அடங்கிவிடும். டேபிளின் முன் ஓரம்தான் கீழிருந்து மூன்றாம் படி. அதன் பின்னால் ஒரு வரிசை பெட்டி வைத்தால் நான்காம் படி. அதற்கும் பின்னால் பெட்டி மேல் பெட்டி வைத்தால் ஐந்தாவது. டேபிளுக்கு முன்னால் தரையில் இரண்டு பெட்டி உயரத்துக்கு ஒரு வரிசை, அதற்கு முன் ஒற்றைப் பெட்டி வரிசை. 12 இன்ச் நீளப் பெட்டி என்றால் வரிசைக்கு நாலு. மொத்தம் 24 பெட்டி.

பெட்டி எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். கூரியரில் வந்த கலவைப் பெட்டிகள் உதவாது. மளிகைக் கடையில் சோப்பு, பிஸ்கட் வந்த பெட்டிகளை ஒரே மாதிரியாகக் கேட்டு வாங்குங்கள். அளவு கொஞ்சம் வித்தியாசப்பட்டால் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஒரு படியின் உயரம் அடுத்த படியோடு ஒத்துப்போனால் போதும்.

பெட்டிமேல் பொம்மையை நேராக வைக்கக் கூடாது. அட்டைப்பெட்டியின் பலம் நாலு மூலையிலும் பக்கச் சுவரிலும்தான். மூடியின் நடுவில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் 4 அடிக்கு 10 இன்ச் பலகை ஒன்று குறுக்கே போடுங்கள். மூன்றாம் படி டேபிளே என்பதால் நாலு பலகை போதும். 12 மி.மீ. ப்ளைவுட்டில் நாலடிக்கு நாலடித் துண்டு ஒன்று கிடைத்தால் சரியாக நாலு பலகை வெட்டலாம். பரணிலோ பழைய அலமாரியிலோ பலகை கிடந்தால் அந்தச் செலவும் இல்லை.

கோயம்புத்தூர்: மன்னிக்கணும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போன வருஷம் அட்டைப்பெட்டிப் படி மூன்றாம் நாளே சரிந்து தசாவதார செட்டில் நாலு பொம்மை போய்விட்டது. ஸ்டீல் படிதான் சரி.

பதில்: நாலு பொம்மை போனது பெரிய இழப்பு, சார். காரணம் தெரிந்தால் இங்கே மற்றவர்களுக்கும் உதவும். பெட்டியை நிறுத்தி வைத்தீர்களா, படுக்க வைத்தீர்களா? எப்படி அடுக்கினீர்கள்? தினமும் தரையை ஈரத்துணியால் துடைத்தீர்களா?

தாம்பரம்: சீரியல் செட்டா, எல்ஈடி ஸ்ட்ரிப்பா? எது நல்லது?

பதில்: 12 வோல்ட் ஸ்ட்ரிப். 230 வோல்ட் சீரியல் செட்டில் ஒயர் தோல் உரிந்தால் ஷாக் அடிக்கும். கொலு முன்னால் குழந்தைகள் கை வைக்காமல் இருக்காது.

ஐந்து மீட்டர் ரோல் ஒன்று போதும். கீழ் நாலு படிப் பொம்மைகளுக்கும் வெளிச்சம் அவற்றுக்கு மேலுள்ள படியின் முன்விளிம்பிலிருந்து விழ வேண்டும். அப்படியானால் ஸ்ட்ரிப் தேவைப்படுவது நாலு விளிம்புக்கு: நாலு நாலடி பதினாறடி. ஐந்து மீட்டர் என்பது பதினாறடிக்குச் சற்று மேல். உச்சிப் படிக்கு அறை விளக்கே போதும். மீட்டருக்கு 60 பல்பு உள்ள சாதாரண ஸ்ட்ரிப் மீட்டருக்கு 4.8 வாட் இழுக்கும். ஐந்து மீட்டருக்கு 24 வாட், அதாவது 2 ஆம்ப். 3 ஆம்ப் அடாப்டர் வாங்கினால் சூடாகாமல் ஓடும்.

மூன்று பல்புக்கு ஒரு தடவை கத்திரிக்கோல் குறி இருக்கும். அங்கேதான் வெட்ட வேண்டும். துண்டுகளை ஒயரால் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று சேருங்கள். மாற்றிக் கொடுத்தால் அந்தத் துண்டு எரியாது. ஸ்ட்ரிப்பின் பசை துணியில் நிற்காது. கனமான அட்டையை எல் வடிவில் மடித்து, அதன் உட்பக்கம் ஸ்ட்ரிப்பை ஒட்டி, அந்த அட்டையைப் படி விளிம்பிலுள்ள துணியில் குண்டூசியால் பொருத்துங்கள். ஊசி ஸ்ட்ரிப்பைத் துளைக்கக் கூடாது. பல்பு கண்ணில் படாது, வெளிச்சம் மட்டும் பொம்மைமேல் விழும். பொம்மைக்கு முன்னால் தரையோடு ஸ்ட்ரிப் போட்டால் வெளிச்சம் கீழிருந்து அடித்து முகமெல்லாம் விகாரமாகத் தெரியும்.

கோயம்புத்தூர்: செங்கல் அடுக்குகிற மாதிரி இணைப்பு மாற்றி மாற்றித்தான் அடுக்கினேன். அதுதானே பலம்? பெட்டி படுக்கைவாட்டில்தான் இருந்தது. தரை தினமும் துடைப்போம்.

பதில்: மூன்றுமே காரணம், சார். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அட்டையின் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் ஓடும். அது குழாய் வரிசை மாதிரி. அந்தக் குழாய் மேலிருந்து கீழாக நின்றால் தூண், படுத்தால் அப்பளம். சாதாரண மளிகைப் பெட்டி, மூடி மேலே இருக்கும்படி நிறுத்தினால் குழாய் செங்குத்தாக நிற்கும். பக்கவாட்டில் படுக்க வைத்ததும் பாதிச் சுவரில் குழாயும் படுத்துவிடும்.

அடுத்தது அடுக்கு. செங்கலுக்கு உடம்பெல்லாம் பலம். எங்கே வைத்தாலும் தாங்கும். பெட்டிக்கு மூலையில்தான் பலம். மாற்றி அடுக்கினால் மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டி மூடியின் நடுவில், பலமே இல்லாத இடத்தில் உட்காருகிறது. மூலைக்கு நேர் மூலையாக அடுக்கிவிட்டு, பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளை அகல டேப்பால் சுற்றிக் கட்டுங்கள். சாயாது.

மூன்றாவது ஈரம். அட்டை காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும். நவராத்திரி பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டி வருகிறது. துடைத்த தரையும் சேர்ந்தால் கீழ்ப் பெட்டி மூன்று நாளில் நொதநொதத்துவிடும். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். கீழ் வரிசைப் பெட்டிக்குள் மடித்த செய்தித்தாளை இடைவெளி இல்லாமல், மூடியை முட்டும்வரை அடையுங்கள். காகிதம் நிறைந்த பெட்டி நசுங்காது.

திருச்சி: நானும் படுக்கவைத்துத்தான் அடுக்கினேன் அக்கா. நாலு வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே.

பதில்: உங்கள் பொம்மைகள் காகிதக்கூழா, களிமண்ணா?

திருச்சி: காகிதக்கூழ்.

பதில்: அதுதான் விஷயம். கூழ்ப் பொம்மைக்கு எடை இல்லை. களிமண் செட்டை நம்பி ஏற்றிவிடாதீர்கள்.

கோயம்புத்தூர்: மூலை விஷயம் புரிகிறது. ஆனாலும் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்வதற்கு ஸ்டீல் படி ஒரு தடவைச் செலவுதானே?

பதில்: பணம் இருந்தால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஸ்டீல் படியிலும் பார்க்க வேண்டியது உண்டு. தகடு மெல்லியதாக இருந்தால் நடுவில் தொய்யும், பொம்மைகள் ஒன்றையொன்று பார்த்துச் சாயும். தரை மேடு பள்ளமாக இருந்தால் ஒரு கால் தூக்கிக்கொண்டு ஆடும். கடையிலேயே விரித்து, நடுப்படியைக் கையால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். எந்தப் படியானாலும் பொம்மை வைக்கும் முன் ஓரத்தைப் பிடித்து ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அலங்காரத்தைத் தொடவே தொடாதீர்கள்.

சேலம்: படிக்கு வெள்ளைத் துணி எவ்வளவு வேண்டும்?

பதில்: ஒரு எட்டு முழ வேஷ்டி. நீளம் 3.6 மீட்டர், கிட்டத்தட்ட 141 இன்ச். பத்துக்குப் பத்து அளவில் ஐந்து படிக்கு 100 இன்ச் போகும். மிச்சம் பின்னால் மடிக்கவும் முன்னால் தரையில் விழவும் சரியாக இருக்கும். அகலம் நாலடிக்குச் சற்று அதிகம் என்பதால் கரை இரு ஓரத்திலும் படியிறங்கி அழகாக நிற்கும். ஏழு படிக்கு 140 ஆகிவிடும். மடிப்புக்கு இடமில்லை, இன்னொரு வேஷ்டி வேண்டும்.

உச்சியிலிருந்து இறங்குங்கள். படி மடங்கும் உள்மூலையில் மர ஸ்கேலை வைத்துத் துணியை உள்ளே தள்ளி, ஸ்கேலை எடுக்காமலே அதன் இரு முனையிலும் குண்டூசி குத்துங்கள், பிறகு நடுவில் ஒன்று. ஸ்கேல் இல்லாமல் கையால் இழுத்துக் குத்தினால் துணி கூடாரம்போல் தூக்கிக்கொள்ளும், பொம்மை அதன்மேல் நிற்காது. டேபிள் விளிம்பில் ஊசி இறங்காது, அங்கே இருபக்க டேப். சாட்டின் துணி வேண்டாம், பொம்மை வழுக்கும்.

வேளச்சேரி: வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பின்னால் பட்டுப்புடவை தொங்கவிட ஆசை.

பதில்: முக்கால் இன்ச் பிவிசி பைப், ஆறு மீட்டர் நீளத்தில் ஒன்று. ஐந்தரை அடியில் இரண்டு நிமிர்கால், நாலரை அடியில் ஒரு குறுக்கு, ஓரடியில் நாலு பாதம். மேல் மூலைக்கு எல்போ (எல் வடிவ இணைப்பு) இரண்டு, பாதத்துக்கு டீ (T வடிவ இணைப்பு) இரண்டு. பசை போடாமல் இறுக்கிச் செருகுங்கள். பத்து நாள் கழித்துக் கழற்றிப் பரணில் போடலாம். முன்பாதத்தை டேபிளுக்கு அடியில் நுழைத்து, மணல் நிரப்பிய பையை மேலே வையுங்கள். புடவையை மடித்துப் போட்டுத் துணிக் கிளிப் மாட்டுங்கள். ஜரிகையில் குண்டூசி படக் கூடாது, இழை அறுந்துவிடும். அந்தப் புடவைக்கு முன்னால் எண்ணெய் விளக்கு வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பாண்டிச்சேரி: நாலு படி வைக்கலாமா?

பதில்: ஒற்றைப்படைதான் வழக்கம். மூன்று வையுங்கள்.

மதுரை: தெர்மாகோலில் கோயில் கோபுரம் செய்ய எந்தப் பசை?

பதில்: புதிதாக வாங்காதீர்கள். அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. அதோடு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் உருகிக் குழிவிழும், நெருப்புப் பட்டால் சொட்டுச் சொட்டாக எரியும். மிச்சமுள்ள அட்டைப்பெட்டியில் கோபுரம் வெட்டி, வெள்ளை அடித்து, காவிப் பட்டை தீட்டுங்கள். வீட்டில் ஏற்கெனவே பழைய தெர்மாகோல் கோபுரம் இருந்தால் அதைக் குப்பையில் போடவும் வேண்டாம். விளக்கிலிருந்து தள்ளி வைத்துப் பயன்படுத்துங்கள்.

விருகம்பாக்கம்: கிருஷ்ணர் பொம்மையில் புல்லாங்குழல் பிடித்த கை மணிக்கட்டோடு ஒடிந்துவிட்டது. களிமண் பொம்மை. துண்டு கையில் இருக்கிறது.

பதில்: துண்டு இருப்பது நல்லது. வெறும் பசையில் அந்தக் கை நிற்காது, உள்ளே எலும்பு வேண்டும். இரண்டு முனையிலும் காம்பஸ் முள்ளால் மெதுவாகத் திருகி, கால் இன்ச் ஆழத்துக்குத் துளை போடுங்கள். குத்தாதீர்கள், விரிசல் விடும். அரை இன்ச்சுக்குச் சற்றுக் குறைவாகக் கட்டுக்கம்பித் துண்டு வெட்டி உள்ளே வைத்து, எம்-சீல் என்ற ஒட்டு மாவின் இரண்டு கட்டியையும் சம அளவில் நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து இரு முகத்திலும் தடவி இணையுங்கள். பிதுங்கியதை ஈர விரலால் நீவி விடுங்கள். ஓர் இரவு அசைக்காமல், கைக்கு முட்டுக்கொடுத்துப் படுக்க வையுங்கள்.

மறுநாள் 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை அக்ரிலிக் ஒரு பூச்சு. அது காய்ந்தபின் நிறம். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு சாயல் கருக்கும். அதனால் காகிதத்தில் தீட்டிக் காயவைத்து, பொம்மை பக்கத்தில் பிடித்துப் பார்த்தபின் தொடுங்கள். போஸ்டர் கலர் வேண்டாம், வியர்வைக் கை பட்டாலே கரையும்.

ஆவடி: பழைய பொம்மைகளைக் கழுவலாமா?

பதில்: சுட்ட மண், வண்ணம் பூசாதது என்றால் கழுவலாம். மற்றதைக் கழுவாதீர்கள். காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டித் தூசி எடுங்கள்.

கும்பகோணம்: காகிதக்கூழ் பொம்மையை ஈரத்துணியால் துடைக்கலாமா?

பதில்: கூடாது. மேலே ஆவடிக்குச் சொன்னதேதான். ஈரம் பட்டால் கூழ் உப்பி வண்ணம் செதிளாகக் கழன்று வரும்.

பெங்களூரு: பூங்காவுக்கு எதை எப்போது விதைக்க வேண்டும்? போன தடவை நாற்றமடித்தது.

பதில்: தண்ணீர் தேங்கியதால் நாற்றம். அடியில் துளையிட்ட தட்டில் ஓர் இன்ச் தென்னை நார்க்கழிவு போட்டு, தண்ணீரை ஊற்றாமல் தெளியுங்கள். கேழ்வரகு புல்தரை மாதிரி வரும், அமாவாசைக்கு ஏழு நாள் முன்பு விதைக்கலாம். கடுகும் வெந்தயமும் வேகமாக வரும், நாலைந்து நாள் போதும். கேழ்வரகு, கடுகு இரண்டையும் மேலே தூவி விரலால் அழுத்தினால் சரி, மண்ணைப் போட்டு மூடாதீர்கள். பகலில் பால்கனியில் வையுங்கள். நாள் முழுக்க அறைக்குள் இருந்தால் மஞ்சளாக வெளுத்து ஒரு பக்கம் சாயும். குளத்துக்குக் கண்ணாடித் துண்டு வைத்தால் தண்ணீர் தேவையில்லை.

அம்பத்தூர்: ஒன்பது நாளுக்கும் என்ன சுண்டல் செய்யலாம்?

பதில்: அது சமையல்காரர்களைக் கேட்க வேண்டிய கேள்விம்மா.

குரோம்பேட்டை: படியின் இரண்டு பக்கமும் சின்ன அகல் விளக்கு மட்டும் ஏற்றலாமா? அழகாக இருக்குமே.

பதில்: இதோடு மூன்றாவது தடவை சொல்கிறேன், வேண்டாம். அட்டை, காகிதம், பருத்தித் துணி, பட்டு எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. மேலே மின்விசிறி சுற்றுகிறது. படியில் அகல் வேண்டுமென்றால் பேட்டரி அகல். நிஜ விளக்கு தரையில், இரண்டடி தள்ளி, ஆள் இருக்கும்போது மட்டும்.

தஞ்சாவூர்: க்ரேப் காகிதப் பூ செய்து படியோரம் வைத்திருக்கிறேன். போன வருஷம் வேஷ்டியில் சாயம் இறங்கிவிட்டது.

பதில்: ஈரம் பட்டால் க்ரேப் சாயம் விடும். நிஜப் பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது பட்டிருக்கும். இரண்டையும் ஒரே படியில் வைக்காதீர்கள்.

மடிப்பாக்கம்: அக்கா, பெட்டி 24 கிடைத்துவிட்டது. விஜயதசமி முடிந்து எடுத்து வைக்கும்போது பொம்மைகளை அதே பெட்டியில் வைக்கலாமா?

பதில்: கீழ் வரிசைப் பெட்டிகளை விட்டுவிடுங்கள், ஈரம் ஏறியிருக்கும். மேலே இருந்தவை நல்லவை. பொம்மையை பிளாஸ்டிக் கவரில் சுற்றாதீர்கள். உள்ளே வியர்த்து வண்ணம் கவரோடு ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்தித் துணியில் சுற்றி, நீட்டிக்கொண்டிருக்கும் கை, குழல், வேல் இவற்றைச் சுற்றிக் கசக்கிய காகிதம் அடைத்து, பெட்டிமேல் எந்தப் படி, எந்த செட் என்று எழுதி ஒட்டுங்கள். ஸ்ட்ரிப் ஒட்டிய அட்டைகளையும் அடாப்டரையும் ஒரே பெட்டியில் போடுங்கள்.

மடிப்பாக்கம்: பலகை?

பதில்: கட்டிலுக்கு அடியில், தட்டையாக. சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும்.